ஜன்னல் வழியாகப் பார்த்தவர்கள்

எங்கள் சபையில் வயது வித்தியாசம் பார்க்காமல் எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் ஒருவர் இருக்கிறார். புதிதாகக் கல்யாணமானவர்களை வீட்டுக்கு அழைத்து உட்காரவைத்துப் பேசுவார், யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் முதல் ஆளாகப் போய் நிற்பார், உங்களுக்காக ஜெபிக்கிறேன் என்று சொன்னால் நிஜமாகவே ஜெபிப்பார். அப்படிப்பட்டவர், ஒரு தம்பதியர் கூடுகை முடிந்து வெளியே வரும்போது எங்களைப் பார்த்து, “உங்க ரெண்டு பேருக்கும் இன்னும் விளையாட்டுப் புத்தி போகலப்பா. குடும்பம்னு ஆனப்புறம் கொஞ்சம் பக்குவம் வரவேண்டாமா?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, என் தோளில் கை வைத்துக்கொண்டுதான் சொன்னார். வேறு யாராவது சொல்லியிருந்தால் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டிருப்பேன். அவர் சொன்னதால் அது மனதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அன்றைக்கு நடந்தது இவ்வளவுதான். கூட்டம் முடியும் நேரத்தில் போதகர் ஐயா எங்கள் பக்கம் கையைக் காட்டி, “நீங்க ஜெபிச்சு முடிங்க” என்றார். இரண்டு பேரில் யார் என்று சொல்லவில்லை. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். நானும் என் கணவரும் ஒரே நொடியில் “அன்புள்ள பரலோகப் பிதாவே” என்று ஆரம்பித்தோம். உடனே இருவரும் நிறுத்தினோம். அவர் ஜெபிக்கட்டும் என்று நான் காத்திருந்தேன், நான் ஜெபிக்கட்டும் என்று அவர் காத்திருந்தார், அறையில் மின்விசிறிச் சத்தத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. சரி, போதுமான நேரம் விட்டாயிற்று என்று நான் மறுபடியும் “அன்புள்ள” என்று எடுக்க, அதே நொடியில் அவரும் “அன்புள்ள”. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அடக்க அடக்கத்தானே இந்தச் சிரிப்பு பெருகும்! அவருடைய தோள் குலுங்குவது என் தோளில் தெரிந்தது. பின்வரிசையில் யாரோ ஒருவருக்கும் தொற்றிக்கொண்டது. கடைசியில் போதகர் ஐயாவே சிரித்துக்கொண்டே ஜெபித்து முடித்துவைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் இவர் அதை மறந்துவிட்டார். எனக்குத்தான் அக்கா சொன்னது போகவே இல்லை. பக்குவம் என்றால் என்ன? கிறிஸ்தவக் குடும்பம் என்றதும் நமக்குச் சொல்லப்படுகிற வார்த்தைகளை யோசித்துப் பார்த்தேன். பொறுப்பு, பொறுமை, கீழ்ப்படிதல், தியாகம், உத்தமம். கல்யாண ஆராதனையில் எபேசியர் 5 வாசிக்கப்படும்போதே இதெல்லாம் நம் தலைமேல் வைக்கப்படுகிறது, சரியாகத்தான் வைக்கப்படுகிறது, அதில் ஒன்றைக்கூட நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் என் வீட்டில் ஒரு சாதாரண நாள் எப்படி ஓடுகிறது என்று பார்த்தால், அந்தப் பட்டியலில் இல்லாத ஒன்றுதான் அதிக நேரத்தை எடுத்துக்கொள்கிறது. நாங்கள் விளையாடுகிறோம். காரணமே இல்லாமல், யாருக்கும் விளக்கிச் சொல்ல முடியாத அற்ப விஷயங்களுக்காகச் சிரித்துக்கொண்டே இருக்கிறோம். இது எங்கள் விசுவாச வாழ்க்கைக்கு வெளியே நடக்கிற ஒன்றா, உள்ளே நடக்கிற ஒன்றா என்பதுதான் என்னைக் குடைந்த கேள்வி.

இன்றைக்கு ஐத்திகு யார்?

குடும்ப ஜெபத்தையே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் வேடிக்கைகளில் பாதி அங்கேதான் நடக்கிறது. இவர் ஜெபம் நீளமான ஜெபம். இரண்டு பக்கத்துப் பெற்றோரில் ஆரம்பித்து, கூடப்பிறந்தவர்கள், அவர்கள் பிள்ளைகள், அலுவலகத்தில் கஷ்டப்படுகிறவர்கள், சபையில் சுகமில்லாதவர்கள், ஊழியக்காரர்கள், யுத்தம் நடக்கிற தேசங்கள் என்று ஒருவரையும் விடாமல் பெயர் சொல்லிப் போய்க்கொண்டே இருப்பார். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். ஒருவரை மறந்துவிட்டால் ஆமென் சொன்ன பிறகுகூட “ஐயோ, அவரை விட்டுட்டேனே” என்று மறுபடியும் கண்ணை மூடுகிற மனிதர் அவர்.

ஒருநாள் இரவு, வேலை அதிகமாக இருந்து களைத்து வந்திருந்தார். கட்டிலில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்து ஜெபிக்க ஆரம்பித்தார். பாதியில் வாக்கியங்கள் இழுக்க ஆரம்பித்தன. “ஆண்டவரே, அந்தப் பிள்ளைக்கு நல்ல சுகத்தை... சுகத்தை... கட்டளையிடும்...” என்று வந்து, சிறிது நேரம் ஒன்றும் இல்லை, பிறகு தெளிவான குரலில், “அந்த ஃபைலைக் காலையில முதல் வேலையா அனுப்பிடறேன் சார்” என்றார். நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். கைகள் கூப்பியபடியே இருந்தன, தலை மட்டும் மெத்தையில் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. நான் மெதுவாக “ஆமென்” என்றேன். அவர் தூக்கிவாரிப்போட்டு எழுந்து, சபை முழுவதற்கும் கேட்கிற சத்தத்தில் “ஆமென்!” என்றார். அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பில் மேல்மாடிக்காரர்கள் எழுந்திருப்பார்கள்.

அப்போஸ்தலர் 20ஆம் அதிகாரத்தில் ஐத்திகு என்று ஒரு வாலிபன் வருவான். பவுல் நடுராத்திரி வரைக்கும் பிரசங்கம் செய்துகொண்டிருக்க, ஜன்னலில் உட்கார்ந்திருந்த இவன் தூங்கிப்போய் மூன்றாம் மாடியிலிருந்து கீழே விழுந்துவிடுவான். அந்த இரவுக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஜெபத்தில் தூங்குகிறவருக்கு ஐத்திகு என்று பேர் விழுந்துவிட்டது. “இன்னைக்கு ஐத்திகு யாரு?” என்று கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்போம். விளையாட்டாக வைத்த பேர்தான், ஆனால் அதனாலேயே அந்தப் பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். பவுல் இறங்கிப்போய் அவனை அணைத்துக்கொள்கிறார், கலங்காதிருங்கள், அவனுக்குள் உயிர் இருக்கிறது என்கிறார், மறுபடியும் மேலே ஏறிவந்து விடியும்வரை பேசிக்கொண்டிருக்கிறார். தூங்கினதற்காக அந்தப் பையனை யாரும் ஒரு வார்த்தை கடிந்துகொண்டதாக, அந்தப் புத்தகத்தை எழுதின லூக்கா எழுதவில்லை. தூங்குகிறவரை எழுப்பித் திட்டாமல் போர்வையை இழுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து மீதி ஜெபத்தை நானே செய்து முடிக்கிற பழக்கம் அதிலிருந்துதான் வந்தது. அவருடைய பட்டியல் எனக்கு இப்போது மனப்பாடம்.

கடலுராஞ்சி என்ன பறவை

வேத வாசிப்பு இன்னொரு பயணம். கல்யாணமான புதிதில், ஒரு வருடத்தில் வேதாகமத்தை முழுவதும் சேர்ந்து வாசிப்பது என்று முடிவெடுத்தோம். 66 புத்தகங்கள், 1189 அதிகாரங்கள், ஒரு நாளைக்கு மூன்றுக்குக் கொஞ்சம் மேலே வரும், இதென்ன பெரிய விஷயம் என்று இருந்தது. எங்களுக்குக் கிடைத்தது ராபர்ட் மர்ரே மக்செய்ன் போட்ட அட்டவணை. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்தில் போதகராக இருந்தவர், தன் சபைக்காக 1842இல் அதைத் தயாரித்தார். பழைய ஏற்பாடு ஒரு முறை, புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டு முறை, தினமும் நான்கு பகுதிகள். இரண்டு குடும்பமாக வாசிக்க, இரண்டு தனிமையில் வாசிக்க. அதைப் போட்டுக்கொடுத்த அவருக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை, அடுத்த வருடமே 29 வயதில் இறந்துபோனார். அவர் போட்ட அந்தக் குடும்ப வரிசையை இத்தனை வருடங்களுக்குப் பிறகும் உலகம் முழுவதும் குடும்பங்கள் வாசித்துக்கொண்டிருக்கின்றன என்பதை நினைக்கும்போது எனக்கு மனம் நெகிழும்.

அந்த அட்டவணையில் மார்ச் கடைசியில் லேவியராகமம் வந்துவிடும். வருட வாசிப்பை ஆரம்பித்த எல்லோருக்கும் தெரியும், அங்கேதான் பாதிப் பேர் நின்றுவிடுகிறார்கள். எங்களை அதைத் தாண்ட வைத்தது வைராக்கியம் இல்லை, விளையாட்டு. 11ஆம் அதிகாரத்தில் புசிக்கக்கூடாத பறவைகளின் பட்டியலில் கழுகு, கருடன், அதற்கடுத்து கடலுராஞ்சி. இவர் வாசிப்பதை நிறுத்திவிட்டு, “கடலுராஞ்சியைப் பாத்திருக்கியா நீ?” என்றார். எனக்கும் தெரியவில்லை. தேடிப் பார்த்தால், தண்ணீருக்கு மேலே உயரத்தில் நின்று பார்த்து, காலை நீட்டிக்கொண்டு அப்படியே பாய்ந்து மீனைத் தூக்கும் பறவை. அன்றைக்கு இரவு முழுக்க அது மீன் பிடிக்கும் படங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அந்தப் பட்டியல் வௌவாலில் போய் முடியும். வௌவால் பறவையில் சேர்த்தியா என்று ஒரு வாதம். பறக்கிறதெல்லாம் பறவை என்று வைத்துப் பார்த்தால் வருகிற பட்டியல் அது, என்றார் இவர், நான் ஒத்துக்கொண்டேன். நாளாகமம் வந்தபோது வேறு விளையாட்டு. “ஆதாம், சேத், ஏனோஸ், கேனான், மகலாலெயேல், யாரேத், ஏனோக்கு, மெத்தூசலா, லாமேக்கு” என்று யார் ஒரே மூச்சில் தடுக்காமல் வாசிப்பது என்று போட்டி. தடுக்கினவர் மறுபடியும் ஆதாமிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். அந்த ஒன்பது அதிகார வம்ச வரலாற்றை நாங்கள் தாண்டிக் குதிக்காமல் வாசித்ததற்கு அதுதான் காரணம், அதனால்தான் நாலாம் அதிகாரத்துக்கு நடுவில் திடீரென்று யாபேஸின் ஜெபம் வந்து நின்றபோது எங்களால் அதைக் கவனிக்கவும் முடிந்தது.

மக்செய்ன் அந்த அட்டவணையின் முன்னுரையில் அதனால் வரக்கூடிய ஆபத்துகளையும் எழுதிவைத்திருக்கிறார். வெறும் சம்பிரதாயமாகிவிடலாம், சுயநீதி வந்துவிடலாம், கவனமில்லாமல் வாசிக்க நேரலாம், சிலருக்கு அது தாங்கமுடியாத நுகமாகிவிடலாம். சிரிப்பை அவர் அந்த ஆபத்துகளில் ஒன்றாகச் சொல்லவில்லை.

கேராரில் நடந்தது

அக்கா அப்படிச் சொன்னது நாங்கள் இரண்டாவது முறையாக அட்டவணையைத் தொடங்கியிருந்த சமயம். அது ஜனவரி மாதம், ஆதியாகமம் 26. முதல் தடவை வாசிக்கும்போது இந்த அதிகாரத்தைச் சாதாரணமாகக் கடந்து போயிருக்கிறோம், துரவு வெட்டின கதைதான் ஞாபகம் இருந்தது. இந்தத் தடவை நான் வாசிக்கிற முறை. தேசத்தில் பஞ்சம், ஈசாக்கு கேராருக்குப் போகிறான். ரெபெக்காள் அழகானவள் என்பதால் தன்னைக் கொன்றுவிடுவார்களோ என்று பயந்து, அவளைத் தன் சகோதரி என்று சொல்லிவிடுகிறான். நெடுநாள் அங்கேயே தங்கியிருக்கிறான். பிறகு எட்டாம் வசனம். பெலிஸ்தரின் ராஜா அபிமெலேக்கு ஜன்னல் வழியாய்ப் பார்க்கிறான், ஈசாக்கு தன் மனைவியாகிய ரெபெக்காளோடே விளையாடிக்கொண்டிருக்கிறதைக் காண்கிறான்.

அந்த இடத்தில் என் குரல் நின்றுவிட்டது. இவர் என்னவென்று கேட்டார். நான் புத்தகத்தை அவர் பக்கம் திருப்பி வசனத்தைக் காட்டினேன். அவர் இரண்டு தடவை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

ராஜா என்ன செய்கிறான் என்று பாருங்கள். உடனே ஈசாக்கைக் கூப்பிட்டனுப்பி, அவள் உன் மனைவிதான், பிறகு ஏன் சகோதரி என்று சொன்னாய் என்று கேட்கிறான். யாரும் வந்து சாட்சி சொல்லவில்லை. ஈசாக்கின் வாய் அதுவரை சொல்லிக்கொண்டிருந்தது நேர் எதிரான ஒன்று, அந்தப் பொய்யை ஊர் முழுக்க நம்பியிருந்தது. அதையெல்லாம் மீறி ஒரு அந்நிய ராஜாவுக்கு, அவர்களுடைய தேவனை அறியாத ஒருவனுக்கு, இவர்கள் புருஷனும் மனைவியும்தான் என்று சந்தேகமில்லாமல் தெரிந்தது எதனால்? அவர்கள் விளையாடிக்கொண்டிருந்ததனால். சேர்ந்து ஜெபிக்கிறதை அவன் பார்க்கவில்லை, அவள் அவனுக்குக் கீழ்ப்படிகிறதையோ அவன் அவளுக்காகத் தியாகம் செய்கிறதையோ பார்க்கவில்லை. அதெல்லாம் ஒரு அண்ணனுக்கும் தங்கைக்கும் நடுவிலேயும் இருக்க முடியும். அந்த விளையாட்டைப் பார்த்த பிறகுதான் அவனுக்கு வேறு கேள்வியே எழவில்லை.

நான் அதோடு விடவில்லை, முந்தைய இரண்டு அதிகாரங்களைத் திருப்பினேன். 24ஆம் அதிகாரத்தில் ரெபெக்காள் ஒட்டகத்தின்மேல் வரும்போது ஈசாக்கு எங்கே இருந்தான்? சாயங்கால வேளையில் தியானம்பண்ண வயலுக்குப் போயிருந்தான். 25ஆம் அதிகாரத்தில் அவளுக்குப் பிள்ளை இல்லாதபோது அவளுக்காகக் கர்த்தரை நோக்கி வேண்டுதல் செய்கிறான். கல்யாணமாகும்போது அவனுக்கு 40 வயது, இரட்டைப் பிள்ளைகள் பிறக்கும்போது 60. நடுவில் இருபது வருடக் காத்திருப்பு இருக்கிறது. தியானம் பண்ணுகிறவன், மனைவிக்காக வேண்டிக்கொள்கிறவன், மனைவியோடு விளையாடுகிறவன், அடுத்தடுத்த மூன்று அதிகாரங்களில் ஒரே மனிதன். ஒன்று வந்ததும் இன்னொன்று போய்விடவில்லை. பஞ்சத்தில், அந்நிய தேசத்தில், உயிருக்குப் பயந்துகொண்டிருக்கிற நாட்களில்கூட அவர்கள் விளையாடினார்கள். அவன் சொன்ன பொய் பொய்தான், அதற்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் அந்தப் பொய்யை உடைத்தது தீர்க்கதரிசியோ சொப்பனமோ இல்லை, அவர்களாலேயே மறைக்க முடியாமல் போன அந்தச் சந்தோஷம். அதன் பிறகு யாரும் அவர்களைத் தொடக்கூடாது என்று ராஜா கட்டளையே போட்டுவிடுகிறான்.

அக்காவின் கேள்விக்கு எனக்குள் பதில் கிடைத்தது அந்த இரவில்தான்.

மீகாள் நின்ற இடம்

மறுநாள் சாயங்காலம் இவர் ஏதோ யோசித்துக்கொண்டே வந்து, “இன்னொரு ஜன்னல் இருக்கு தெரியுமா?” என்றார். 2 சாமுவேல் 6. உடன்படிக்கைப் பெட்டி நகரத்துக்குள் வருகிறது, தாவீது தன் முழு பலத்தோடும் நடனம்பண்ணுகிறான், அவன் மனைவி மீகாள் பலகணி வழியாய்ப் பார்த்து, தன் இருதயத்திலே அவனை அவமதிக்கிறாள். அவன் வீட்டாரை ஆசீர்வதிக்கத் திரும்பி வருகிறான், வாசலிலேயே அவளுடைய குத்தல் பேச்சு அவனைச் சந்திக்கிறது. இரண்டு ஜன்னல்கள், இரண்டிலேயும் உள்ளத்தின் சந்தோஷத்தைக் கட்டுப்படுத்தாத ஒரு மனிதன் தெரிகிறான். ஒருத்தர் பார்த்து உண்மையைக் கண்டுகொள்கிறார், இன்னொருத்தர் பார்த்து வெறுக்கிறார்.

எனக்கு அது போதவில்லை. மீகாளை எல்லோரும் இந்த ஒரு காட்சியை வைத்தே தீர்த்துவிடுவார்கள், அது எனக்கு எப்போதுமே வருத்தம். அவளுக்கு இன்னொரு ஜன்னல் இருக்கிறது. 1 சாமுவேல் 19இல், தகப்பன் சவுல் ஆட்களை அனுப்பித் தாவீதைக் கொல்லப் பார்த்தபோது, அவனை ஜன்னல் வழியாய் இறக்கிவிட்டுத் தப்பவைத்தவள் அவள்தான். அவன் படுக்கையில் ஒரு சுரூபத்தை வைத்துப் போர்த்திவிட்டு, வந்தவர்களிடம் அவர் வியாதியாயிருக்கிறார் என்று சொன்னவள். அவள் தாவீதை நேசித்தாள் என்று அதற்கு முந்தின அதிகாரமே சொல்கிறது. பிறகு என்ன ஆனது? தகப்பன் அவளை வேறொருவனுக்குக் கொடுத்தான். வருடங்கள் கழித்துத் தாவீது அவளைத் திரும்பக் கேட்டு வாங்கினான், அந்த இரண்டாவது கணவன் அழுதுகொண்டே பின்னால் நடந்து வந்தான். அவளுடைய விருப்பத்தை ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை. முதல் ஜன்னலுக்கும் இரண்டாவது ஜன்னலுக்கும் நடுவில் அவளிடமிருந்து எவ்வளவோ பறிக்கப்பட்டிருந்தது. அவள் தெருவில் ஆடின கணவனைப் பார்த்துச் சிரிக்க முடியாமல் போனதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. இருவரும் சேர்ந்து சிரிக்கிறது வருடக்கணக்காகச் சேர்கிற ஒன்று. அவர்களுக்கு அந்த வருடங்கள் கொடுக்கப்படவே இல்லை.

இதைச் சொன்னபோது இவர் அமைதியாக இருந்தார். அப்புறம், “நமக்குக் கொடுக்கப்பட்டிருக்கு” என்று மட்டும் சொன்னார்.

சிறுநரிகளும் சூரியனும்

விளையாட்டு என்றதும் நாங்கள் சண்டையே போடாதவர்கள் என்று நினைத்துவிடவேண்டாம். உன்னதப்பாட்டு 2:15இல் திராட்சத்தோட்டங்களைக் கெடுக்கிற சிறுநரிகளைப் பிடியுங்கள் என்று வருகிறது. யார் கதவைப் பூட்டுவது, ஈரத் துண்டை யார் கட்டிலில் போட்டது, கிளம்பும் நேரத்தில் சாவி எங்கே போனது போன்றதெல்லாம் எங்கள் வீட்டில் சிறுநரிகள். குரல் உயர ஆரம்பித்ததும் யாராவது ஒருவர் “ஒண்ணு உள்ள வந்துருச்சு, பிடி, பிடி” என்று கட்டிலுக்கு அடியில் குனிந்து தேடினால் போதும். அதற்கு மேலும் முறைத்துக்கொண்டு நிற்பது கஷ்டம்.

எல்லாம் அப்படி அடங்கிவிடாது. ஒரு வருத்தம் இரவு நெடுநேரம் வரை தீரவில்லை. சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது என்கிற எபேசியர் 4:26ஐக் கல்யாணத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் எங்களுக்கு ஆலோசனையாகக் கொடுத்திருந்தார்கள். “சூரியன் அப்பவே போயிருச்சு, இப்ப என்ன பண்றது?” என்றேன் நான். இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டே, “வேதத்துல சாயங்காலமும் விடியற்காலமும் சேர்ந்துதான் ஒரு நாள். நாம சண்டை போட்டது அஸ்தமனத்துக்கு அப்புறம். அதனால நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்கு” என்றார். கோபத்தோடு கோபமாக எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சிரித்துவிட்டால் விஷயம் முடிந்ததாக ஆகாது, அது பேசியே தீரவேண்டிய விஷயம். பவுல் அந்த வசனத்தில் நாலாம் சங்கீதத்தை எடுத்தாள்கிறார். அந்தச் சங்கீதமோ கோபங்கொண்டாலும் பாவஞ்செய்யாதிருங்கள் என்று சொல்லிவிட்டு, உங்கள் படுக்கையிலே உங்கள் இருதயத்தில் பேசிக்கொண்டு அமர்ந்திருங்கள் என்கிறது. அன்றைக்கு நாங்கள் அந்தச் சங்கீதத்தைத்தான் கைக்கொண்டோம், பேசாமல் படுத்து, அவரவர் இருதயத்தோடு பேசிவிட்டு, காலையில் நிதானமாக உட்கார்ந்து பேசித் தீர்த்தோம். நடுராத்திரியில் களைத்துப்போய் வார்த்தைகளை விடுவதைவிட இது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

இன்னொன்று ஞாயிற்றுக்கிழமை. கிளம்ப நேரமாகி, வழியெல்லாம் வாக்குவாதம். ஆலய வாசலில் நான் முகத்தைச் சரிசெய்துகொண்டு எல்லோருக்கும் ஸ்தோத்திரம் சொல்லத் தயாராகிவிட்டேன். படியில் திரும்பிப் பார்த்தால் இவர் கீழேயே நிற்கிறார், கையில் காணிக்கைக் கவர். “வாங்க, பாட்டு ஆரம்பிச்சுட்டாங்க” என்றேன். “மத்தேயு 5:23” என்றார். உன் காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு என்கிற இடம். “அது சகோதரனுக்கு” என்றேன். “மனைவிக்குக் கம்மியாவா இருக்கும்?” என்றார். முதல் பாட்டின் மூன்று சரணமும் முடியும்வரை அந்தப் படியில் நின்று பேசினோம். கவரின் ஓரம் அவர் விரலில் சுருண்டு சுருண்டு கசங்கிப்போயிருந்தது. உள்ளே போய் உட்காரும்போது அக்கா திரும்பிப் பார்த்தார், நாங்கள் இருவரும் கண் சிவந்து சிரித்துக்கொண்டிருந்தோம். அவரும் கொஞ்சம் சிரித்தார்.

தலையணையில் இரண்டு பின்னல்

கிறிஸ்தவ தம்பதிகளில் இப்படிப்பட்டவர்கள் வேறு யாராவது இருந்திருக்கிறார்களா என்று தேடினால் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் வந்து நிற்கிறார். 1525 ஜூன் 13ஆம் தேதி, கன்னியர் மடத்திலிருந்து தப்பி வந்த கத்தரீனா வான் போராவை மணந்துகொண்டபோது அவருக்கு 41 வயது, அவளுக்கு 26. அத்தனை வருடம் துறவியாகத் தனியே வாழ்ந்தவருக்கு எல்லாமே புதிது. காலையில் கண் விழித்தால், முன்பு இல்லாத இரண்டு பின்னல்கள் தலையணையில் தெரிகின்றன என்று முதல் வருடத்து ஆச்சரியத்தைப் பிற்காலத்தில் சாப்பாட்டு மேசையில் சொல்லியிருக்கிறார். அதைப் பக்கத்தில் இருந்தவர்கள் எழுதி வைத்ததால் நமக்குக் கிடைத்தது. கடிதங்களில் அவளை எஜமானே என்றெல்லாம் விளையாட்டாக அழைத்திருக்கிறார். அவர்கள் வீட்டில் கொள்ளைநோய்க் காலம் வந்தது, பிள்ளைகளைப் பறிகொடுத்த துக்கம் வந்தது. சிரிக்கத் தெரிந்த வீடுதான் அதையெல்லாம் தாங்கியது.

என்னை அதிகமாகப் பிடித்துக்கொண்டது உபாகமம் 24:5. மோசேயின் சட்டத்தில், யுத்தத்துக்கும் கடனுக்கும் கூலிக்கும் விதிகள் போட்டிருக்கிற அந்தப் பகுதியில், ஒருவன் புதிதாய் விவாகம்பண்ணியிருந்தால் அவன் யுத்தத்திற்குப் போகவேண்டாம், அவன்மேல் எந்த வேலையையும் சுமத்தவேண்டாம், ஒரு வருஷம் வீட்டிலிருந்து தான் விவாகம்பண்ணின மனைவியைச் சந்தோஷப்படுத்துவானாக என்று எழுதியிருக்கிறது. ஆலோசனையாக இல்லை, சட்டமாக. ஒரு தேசமே யுத்தத்துக்கு ஆள் சேர்க்கும்போது, இவன் வேண்டாம், இவனுக்கு வீட்டில் மனைவியைச் சந்தோஷப்படுத்துகிற வேலை இருக்கிறது என்று கடவுள் விலக்கிவைக்கிறார். இதைத் தம்பதியர் கூடுகையில் யாரும் பேசிக் கேட்டதே இல்லை.

அதனால் போன முறை எங்கள் சபையில் ஒரு கல்யாணம் நடந்தபோது, வாழ்த்து அட்டையில் வழக்கமான வசனத்தைப் போடாமல் நானும் இவரும் இதை முழுதாக எழுதிக் கொடுத்தோம். இரண்டு வாரம் கழித்து அந்தப் பெண் ஃபோன் செய்தாள். “அக்கா, இது நிஜமாவே பைபிள்ல இருக்கா?” இருக்கிறது, திறந்து பார் என்றேன். பக்கத்திலிருந்து அவள் கணவன் ஃபோனைப் பிடுங்கிக்கொண்டு, “அண்ணன் இருக்காங்களா? ஒரு வேலையும் சுமத்தவேண்டாம்னு போட்டிருக்கே, அப்போ பாத்திரம் கழுவுறது?” என்று கேட்டான். இவர் ஃபோனை வாங்கி, “தம்பி, வசனத்தைக் கடைசி வரைக்கும் வாசி” என்றார்.